பல தற்காப்புக் கலைகளைப் பயில நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் பயிற்சியாளர் அல்ல. பதக்கம் வாங்கியவனும் அல்ல. தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் கம்பு சுற்றக் கற்றுக்கொண்டு, பிறகு கராத்தே, ஜூடோ, குத்துச்சண்டை என்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே அலைந்துகொண்டிருக்கும் ஆர்வலன். பயிற்சி முடிந்து டீக்கடையில் நிற்கும்போது இளைஞர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளும். சிலவற்றுக்கு இரண்டு வரியே அதிகம்.

இருப்பதிலேயே சிறந்த கலை எது?

எந்தத் தூரத்தில் என்று சேர்த்துக் கேட்டால் பதில் சொல்லலாம். நெற்றி உயரத்துக்குக் கம்பு வைத்திருக்கும் சிலம்பக்காரர் எதிராளியைப் பல அடி தள்ளியே நிறுத்திவிடுவார். டேக்வாண்டோவுக்குக் கால் எட்டும் தூரம். குத்துச்சண்டைக்குக் கை எட்டும் தூரம். ஜூடோவுக்குச் சட்டையைப் பிடிக்கும் தூரம். பிரேசிலிய ஜுஜுட்சுவில் தூரமே கிடையாது. இருவரும் தரையில் பின்னிக் கிடப்பார்கள். சண்டை தனக்குப் பிடித்த தூரத்திலேயே நடக்கும் என்று ஒவ்வொரு கலையும் உள்ளூர நம்புகிறது. அந்த நம்பிக்கை எங்கே உடைகிறது என்று பார்ப்பதற்காகவே இரண்டாவது கலையைத் தேடிப் போக வேண்டும் என்பேன்.

இதற்குப் பெரிய சான்று 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த, எந்தக் கலைக்காரரும் எவரோடும் மோதலாம் என்ற முதல் யு.எஃப்.சி. போட்டி. வெவ்வேறு கலைகளைச் சேர்ந்த எட்டுப் பேர் கலந்துகொண்டார்கள். எடைப் பிரிவு கிடையாது. சுமார் 80 கிலோ எடையுள்ள பிரேசிலிய ஜுஜுட்சு வீரர் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை வென்றார். முதலில் வந்த குத்துச்சண்டை வீரர் ஆர்ட் ஜிம்மர்சன் ஒரு கையில் மட்டும் கையுறை மாட்டியிருந்தார். தரையில் விழுந்து, கிரேசி மேலே ஏறி அமர்ந்த பிறகு அவர் செய்வதறியாமல் தோல்வியை ஒப்புக்கொண்டார். இறுதிச் சுற்றுக்கு வந்த ஜெரார்டு கோர்டோ, சவாட் எனப்படும் பிரெஞ்சு உதைச்சண்டையில் பெயர் பெற்ற நெதர்லாந்துக்காரர். அவரும் கழுத்து நெரிபட்டுத் தோற்றார். பிரெஞ்சு வாடை உள்ள எதையும் பெருமையாகச் சொல்லும் என் புதுச்சேரி நண்பர்கள் இந்தச் சண்டையைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள்.

ஆனால் ஜுஜுட்சுதான் சிறந்தது என்ற முடிவுக்கு அதற்குள் வந்துவிட வேண்டாம். சில ஆண்டுகளிலேயே மல்யுத்தம் தெரிந்தவர்கள் அந்தப் பிடிகளில் சிக்காமல் இருக்கப் பழகினார்கள். உதைப்பவர்களும் குத்துபவர்களும் கீழே விழாமல் நிற்கக் கற்றுக்கொண்டு மறுபடியும் வெல்லத் தொடங்கினார்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு கலைகளைக் கற்கலாமா?

தொடக்கத்தில் வேண்டாம். ஒன்றில் உடம்பு யோசிக்காமல் அசையத் தொடங்கிய பிறகு அடுத்ததற்குப் போகலாம். அப்போதும் பக்கத்து வீட்டுக் கலையாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஷோட்டோகான் கராத்தே தெரிந்தவர் டேக்வாண்டோவில் சேர்ந்தால் புதிதாகக் கிடைப்பது குறைவு. டேக்வாண்டோவைக் கட்டிய கொரியர்களில் பலர் ஜப்பானில் ஷோட்டோகான் பயின்றவர்கள். அந்தக் கலைக்கு இன்றைய பெயர் வழங்கத் தொடங்கியதே 1950களில்தான். கராத்தேக்காரருக்கு உண்மையான அதிர்ச்சி ஜூடோவில் கிடைக்கும். சிலம்பக்காரருக்குக் குத்துச்சண்டையில் கிடைக்கும்.

சிலம்பம் தெரிந்த ஒருவர் கராத்தே வகுப்பில் சேர்ந்தால் என்ன ஆகும்?

முதலில் கால்கள் கீழ்ப்படிய மறுக்கும். சிலம்பத்தில் கால்மானம்தான் எல்லாம். கம்பு அதற்குப் பின்னால்தான் வருகிறது. கம்பு தலைக்கு மேலும் பக்கவாட்டிலும் சுழலும்போது கால் வட்டமாக மாறிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு கணம் ஊன்றி நின்றாலும் வீச்சு இடறும். கராத்தே, குறிப்பாக ஷோட்டோகான், நேர்கோட்டில் முன்னும் பின்னும் நகரச் சொல்கிறது. முன்முழங்காலை மடித்து, பின்காலை நீட்டி, தரையில் முளையடித்தாற்போல் நில் என்கிறது. சிலம்பத்தில் பழகியவருக்கு இது நின்றுபோன சண்டையாகத் தோன்றும். கராத்தேக்காரருக்குச் சிலம்பத்தின் காலாட்டம் அலைபாய்வதாகத் தோன்றும். இருவர் பார்வையும் தத்தம் தூரத்தில் சரியானது. நீளமான ஆயுதம் கையில் இருந்தால் ஓரிடத்தில் நிற்க வேண்டிய தேவை இல்லை. வெறுங்கையால் ஒரே குத்தில் உடம்பின் எடை முழுவதையும் இறக்க வேண்டும் என்றால் தரையை உந்தித்தான் ஆக வேண்டும்.

கற்றுத்தரும் விதமும் வேறு. இந்தப் பக்கத்துச் சிலம்ப வாத்தியார்கள் பலர் இன்னமும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எதிரே நின்று, வணக்கம் சொல்லும் சலாம் வரிசையிலிருந்து தொடங்குவார்கள்; மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்க வேண்டும். கராத்தேயிலோ நாற்பது பேர் வரிசையில் நின்று எண்ணிக்கைக்கு ஏற்பக் குத்துகிறார்கள். ஜப்பானிய ராணுவ ஒழுங்கு, சாமுராய் மரபு என்றெல்லாம் இதற்கு விளக்கம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சாமுராய்க்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஓகினாவா தீவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதோசு அங்கோ என்ற ஆசான் கராத்தேயைப் பள்ளிப் பிள்ளைகளின் உடற்பயிற்சியாகக் கொண்டுவந்தார். அதற்காகவே அவர் அமைத்த ஐந்து பினான் கட்டாக்களைத்தான் (தனியாகச் செய்யும் அசைவு வரிசைகள்) ஹெய்யான் என்ற பெயரில் நம் ஊர்ப் பிள்ளைகள் இன்று முதலில் மனப்பாடம் செய்கிறார்கள். அவருடைய மாணவர் ஃபுனாகோஷி கிச்சின் 1922இல் டோக்கியோவில் செய்துகாட்டிய பிறகு கராத்தே ஜப்பானின் பெருநிலப்பகுதியில் பரவியது. எனவே மஞ்சக்குப்பம் மைதானத்தில் வரிசையாக நின்று கத்தும் பிள்ளைகள் ஒரு பி.டி. வகுப்பின் நேர் வாரிசுகள். இதில் குறை ஒன்றும் இல்லை. அது பிள்ளைகளுக்காக அமைத்த பாடம் என்று தெரிந்துகொண்டு பெரியவர்கள் பயின்றால் போதும்.

அப்படியானால் கட்டா வெறும் நடனமா?

தனியாக மட்டும் செய்துகொண்டிருந்தால், ஆமாம். ஓர் அசைவை எடுத்து, நண்பர் ஒருவரை உங்கள் மணிக்கட்டைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பத்து விதமாகச் செய்து பாருங்கள். ‘தடுப்பு’ என்று சொல்லிக்கொடுத்தது பல இடங்களில் பிடியை விடுவிப்பதாகவோ கையை முறுக்குவதாகவோ மாறுவதைக் காண்பீர்கள். எனக்கு இது ஜூடோ பயின்ற பிறகுதான் கண்ணில் பட்டது. கட்டாவை அதற்குப் பிறகுதான் விரும்பத் தொடங்கினேன்.

ஜூடோவை ஏன் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறீர்கள்?

அது முதல் மாதம் முழுவதும் விழக் கற்றுக்கொடுக்கிறது. உகேமி என்பார்கள்: முதுகு வில்லாக வளைய வேண்டும், மோவாய் மார்பில் ஒட்ட வேண்டும், கை தரையை அறைய வேண்டும். ஐப்பசி மழையில் பாசி பிடித்த மாடிப்படி, எண்ணெய் சிந்திய சாலை, கழுவிவிட்ட கோயில் பிராகாரம் என்று நம்மைத் தள்ளிவிடக் காத்திருப்பவை ஏராளம். யாரும் என்னை நடுரோட்டில் உதைக்க வந்ததில்லை. வழுக்கி விழுந்திருக்கிறேன்; பின்மண்டை தரையில் மோதாமல் எழுந்திருக்கிறேன். கற்ற கலைகளுக்குக் கொடுத்த கட்டணம் முழுவதும் அந்த ஒரு கணத்திலேயே வசூலாகிவிட்டது.

இரண்டாவது காரணம், முழு பலத்துடன் மோத முடிவது. கானோ ஜிகோரோ 1882இல் கோடோகான் பள்ளியைத் தொடங்கியபோது பழைய ஜுஜுட்சுவின் ஆபத்தான அடிகளைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு, எதிர்க்கும் ஆளின்மேல் தினமும் செய்து பார்க்கக்கூடிய வீச்சுகளையும் பிடிகளையும் முன்னிறுத்தினார். ‘கண்ணில் குத்தினால் முடிந்தது’ என்று பேசும் கலையைப் பயிற்சியில் யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. மிதமான அடியைத் தினமும் முழு பலத்துடன் பழகியவர், கொடிய அடியைக் காற்றில் மட்டும் பழகியவரைப் பெரும்பாலும் வென்றுவிடுவார். கானோவின் மாணவர்களில் ஒருவரான மயேடா மிட்சுயோ 1914இல் பிரேசில் சேர்ந்தார். கிரேசி குடும்பத்துக்குக் கலை போய்ச் சேர்ந்தது அவர் வழியாகத்தான்.

நமக்கு இது புதிதென்று நினைக்க வேண்டாம். சோழன் போரவைக்கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு (80) ஒரு மல்யுத்தப் பிடியை அப்படியே காட்டுகிறது: ஒரு கால் எதிராளியின் மார்பில் அழுந்தியிருக்கிறது, மறு கால் அவன் தந்திரத்தைத் தடுத்து முதுகுப் பக்கம் போயிருக்கிறது. தரைச்சண்டை பழகியவர் அந்த வரிகளைப் படித்தால் அவருடைய கால் தானாக அசையும். உரையாசிரியர்களைவிடப் பயிற்சி மெத்தையில் புரண்டவர்களுக்கு அந்தப் பாட்டு சீக்கிரம் விளங்கும் என்பது என் பிடிவாதமான எண்ணம்.

ஆரோவில்லில் ஐகிடோ இருக்கிறதே, அது பயனுள்ளதா?

அழகானது. உயெஷிபா மொரிஹெய் (1883–1969) உருவாக்கிய இந்தக் கலையின் பெரும்பாலான பள்ளிகளில் போட்டி கிடையாது. தாக்குபவர் ஒத்துழைத்து விழுவார். ஜூடோவில் பிடிவாதக்காரர்களோடு கொஞ்ச காலம் உருண்டுவிட்டுப் போனால் ஐகிடோவின் நுட்பங்கள் சுவைக்கும். அதையே முதலாகக் கற்பவர்களுக்குத் தங்கள் மணிக்கட்டுப் பிடியின் மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை வந்துவிடுகிறது.

போட்டி விதிகள் கலையைக் கெடுத்துவிடுகின்றனவா?

விதிகள் கலையை வளைக்கும். கெடுத்தன என்று எல்லா நேரமும் சொல்ல முடியாது. 1867இன் குவீன்ஸ்பெரி விதிகள் குத்துச்சண்டைக்கு மூன்று நிமிடச் சுற்றையும் கையுறையையும் கொண்டுவந்தன. அந்தக் கையுறைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்ளும் இன்றைய தற்காப்பு, வெறும் முஷ்டிக் காலத்தில் இப்படி இருந்திருக்க முடியாது. டேக்வாண்டோவில் முகத்தில் குத்தக் கூடாது. ஆகவே கைகள் தாழ்ந்து தொங்குகின்றன. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மின்னணு மார்புக்கவசம் வந்த பிறகு, பலமாக உதைப்பதைவிட முன்காலைத் தூக்கிக் கவசத்தை மீண்டும் மீண்டும் தொடுவதே லாபம் என்றானது. ஜூடோவில் காலைப் பிடித்துத் தூக்குவதை 2010இல் கட்டுப்படுத்தி 2013இல் முழுவதும் தடுத்துவிட்டார்கள். அதன் பிறகு ஜூடோ மட்டும் பயின்ற இளைஞர்களுக்கு, எதிராளி குனிந்து காலைப் பிடிக்க வருவான் என்ற யோசனையே இருப்பதில்லை.

பழைய சிலம்பப் போட்டி ஒன்றைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வார்கள். கம்பு நுனியில் ஒட்டும் பொருளைப் பூசிக்கொண்டு ஆடுவார்கள். உடம்பில் எத்தனை பொட்டு விழுந்தது என்று எண்ணி வெற்றி தோல்வியைச் சொல்வார்கள். மின்னணுக் கவசம் செய்யும் அதே வேலைதான், மின்சாரம் இல்லாமல். தொட்டாலே புள்ளி என்னும் ஆட்டத்தில் வேகம் வளரும், பலம் தேயும். எல்லா நாட்டிலும் அப்படித்தான். பல கலைகளைப் பயில்பவருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு கலையின் விதி மறைத்துவைத்த ஓட்டையை இன்னொரு கலையின் விதி காட்டிக்கொடுத்துவிடும்.

சிலம்பத்துக்கு அரசு ஆதரவு இருக்கிறதா?

இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. அதற்குப் பிறகு கம்பு வாங்கித் தரச் சொல்லும் பெற்றோரைக் கொஞ்சம் அதிகமாகவே பார்க்கிறேன். சான்றிதழுக்காக வருபவர்களும் அதில் உண்டு. வரட்டும்; கம்பு யாரையும் சும்மா விடாது.

குங்ஃபூவை உருவாக்கியவர் காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தானே?

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னால் டீக்கடையில் பாதிப் பேருக்கு முகம் வாடும். போதிதர்மர் தென்னிந்தியர், ஓர் அரசரின் மூன்றாம் மகன் என்று தான்லின் எழுதிய பழைய சீனக் குறிப்பு சொல்கிறது. அதைவிட முந்தைய யாங் சுவான்ஸியின் நூலோ (கி.பி. 547) அவரைப் பாரசீகத்திலிருந்து வந்த துறவி என்கிறது. இரண்டிலும் சண்டைப் பயிற்சியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஷாவோலின் மடத்தின் சண்டைக் கலையோடு அவரை இணைக்கும் கதைக்கு அடிப்படையான ‘யிஜின் ஜிங்’ என்ற உடற்பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டில், 1624 அளவில், எழுதப்பட்டது. இடையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. ஷாவோலின் மடத்தின் முதல் தலைவர் பாதுவோ என்ற இந்தியத் துறவி. போதிதர்மரை மட்டும் கொண்டாடும் நாம் அவரைச் சுத்தமாக மறந்துவிட்டோம்.

சிலம்பத்தின் மதிப்பு சீனாவுக்குக் குருவாக இருந்ததா என்பதைப் பொறுத்தது அல்ல. கம்பை எடுத்துச் சுற்றிப் பாருங்கள், அதுவே தன் தகுதியைச் சொல்லும்.

வர்ம அடி கற்றுத்தருவதாகச் சொல்கிறார்கள். சேரலாமா?

வர்மம் குமரி மாவட்டப் பக்கம் வேரூன்றிய மருத்துவ மரபு. உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளான 108 வர்மங்களில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று கணக்கு சொல்வார்கள். அங்கே ஆசான்கள் அடிபட்டவரை மீட்கும் இளக்குமுறையையும் எலும்பு முறிவுச் சிகிச்சையையும் சேர்த்தே கற்பிக்கிறார்கள், அதுவும் ஆண்டுக்கணக்கில். இரண்டு நாள் முகாமில் ‘ஒரு விரலில் ஆளை வீழ்த்தும் ரகசியம்’ என்று விளம்பரம் கண்டால் அந்தப் பணத்துக்கு நல்ல முழங்கால் உறை வாங்கிக்கொள்ளுங்கள்.

பெல்ட்டின் நிறம் எவ்வளவு முக்கியம்?

கராத்தே ஆயிரம் ஆண்டுப் பழைமை என்பவரிடம் பெல்ட் கதையைச் சொல்லுங்கள். டான் என்னும் உயர்நிலைத் தரம் 1883இல் கானோ தம் ஜூடோ மாணவர்களுக்குத் தொடங்கியது. கறுப்புக் கச்சை அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது. ஃபுனாகோஷி அதைப் பின்பற்றிக் கராத்தேயில் முதல் டான் தரங்களை 1924இல் வழங்கினார். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்ற வண்ண வரிசையைப் பரப்பியதில் பெரிய பங்கு 1930களில் பாரிஸில் ஜூடோ கற்பித்த கவைஷி மிகினோசுகேவுக்கு உண்டு; ஐரோப்பியர்களுக்குப் பொறுமை குறைவு, அடிக்கடி ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தது. சிலம்பத்தில் அப்படி ஒன்றும் இருந்ததில்லை. ஒருவர் என்ன தரம் என்பது கம்பை எடுத்த கணத்தில் தெரிந்துவிடும்.

ஒரு கலையில் கறுப்பு பெல்ட் வாங்கியவர் இன்னொன்றில் வெள்ளை பெல்ட்டோடு பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்பது கூச்சமாகத்தான் இருக்கும். அந்தக் கூச்சம் தாங்காதவர்கள்தான் ‘நான் எல்லாவற்றையும் கலந்து ஒரு புதுக் கலை உருவாக்கிவிட்டேன்’ என்று பலகை மாட்டுகிறார்கள்.

வேறு இடத்திலும் கற்கிறேன் என்பதை மாஸ்டரிடம் சொல்ல வேண்டுமா?

சொல்லிவிடுங்கள். கடலூரும் புதுச்சேரியும் சிறிய ஊர்கள். நீங்கள் சொல்லாவிட்டால் யாராவது சொல்லிவிடுவார்கள். சிலம்ப வாத்தியார்களில் மூத்தவர்கள் சிலர் மனம் வருந்துவார்கள். அவர்களிடம் ‘ஐயா, உங்களிடம் கற்றதை விட்டுவிட்டுப் போகவில்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் பெரும்பாலும் போதும். அனுமதி மறுப்பவரிடம் தொடர்வதா என்பது உங்கள் முடிவு. வேறு கலையைப் பார்க்கவே கூடாது என்பவர், தன் கலை எந்தத் தூரத்தில் தடுமாறும் என்பதை அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

அங்கே கற்றதை இங்கே செய்துகாட்டாதீர்கள். கராத்தே வகுப்பில் கம்பு வீச்சைப் பற்றிப் பேசுபவரை யாருக்கும் பிடிக்காது.

வயது நாற்பது. இப்போது தொடங்கலாமா?

தொடங்கலாம். உதையை இடுப்புக்கு மேல் தூக்க ஆசைப்படாதீர்கள். சிலம்பம் நாற்பதுக்கு மேல் மிகவும் ஒத்துவரும். மணிக்கட்டும் தோளும் இளகும், மூச்சு வாங்கும், யாரும் உங்களைத் தூக்கிப் போட மாட்டார்கள். குத்துச்சண்டையை மூட்டையிலும் எதிரே பிடிக்கும் பேடிலும் பழகினாலே நிறையக் கிடைக்கும். தலையில் அடி வாங்கும் ஸ்பாரிங் இந்த வயதில் தேவை இல்லை. எந்த வயதிலும், தலையில் அடி பட்டுக் கண் மங்கினால், குமட்டினால், கேட்டதையே திரும்பக் கேட்டால் அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது. வீரம் பேசாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

மகளை எதில் சேர்ப்பது?

அவளுக்கு எது பிடிக்கிறதோ அதில். நான் ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்வேன்: பிடித்து இழுப்பவனிடமிருந்து விடுபடும் பயிற்சி இருக்கும் இடமாகப் பாருங்கள். தூர நின்று உதைப்பதை மட்டும் கற்றுத்தரும் வகுப்பு, பஸ் நெரிசலில் உதவாது. அங்கே தூரமே இருப்பதில்லை.

தெருச்சண்டையில் இதைப் பயன்படுத்தினால் சட்டம் என்ன சொல்லும்?

தற்காப்பு உரிமை உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதைப் பேசுகின்றன. தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டித் தீங்கு செய்யக் கூடாது என்பதும் அதில் உண்டு. விழுந்தவனை மறுபடி உதைப்பது தற்காப்பு ஆகாது. ஓடிவிட முடிந்தால் ஓடிவிடுங்கள். அதற்கும் நல்ல கால் வேண்டும்.

எங்கே, எந்த நேரத்தில் பயிலலாம்?

தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் விடிகாலை. மணல் சிலம்பக் காலுக்கு அருமையான ஆசிரியர். ஆனால் சுழன்று உதைக்கும் பயிற்சியை மணலில் செய்யாதீர்கள். ஊன்றிய பாதம் புதைந்து நிற்க, முழங்கால் மட்டும் திரும்பும். அதற்குத் தட்டையான தரை வேண்டும். புதுச்சேரி கடற்கரைச் சாலை மாலையில் வண்டிகள் இல்லாமல் இருந்தாலும், நடப்பவர்கள் கூட்டத்துக்கு நடுவே கம்பு எடுத்தால் திட்டு வாங்குவீர்கள். அங்கே மெதுவாக ஓடலாம், அவ்வளவுதான். டிசம்பர் 2ஆம் தேதி ஆண்டுதோறும் அரவிந்தர் ஆசிரமத்தின் விளையாட்டு மைதானத்தில் நடக்கும் உடற்கல்விச் செயல்விளக்கத்தை வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள். வயதானவர்கள் அசைவதைக் கவனியுங்கள்.

பஸ்ஸில் கம்பு கொண்டுபோவது எப்படி?

கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ஏறி, இருக்கைகளுக்கு அடியில் நீளவாக்கில் படுக்கவையுங்கள். நிறுத்திப் பிடித்தால் ரெட்டிச்சாவடி வருவதற்குள் யாருடைய கண்ணிலாவது படும். திரும்பும்போது ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பையைத் திறக்கச் சொன்னால் திறந்துவிடுங்கள். அவர்கள் தேடுவது புதுச்சேரிப் பாட்டிலை. ஒரு வாரம் துவைக்காத குத்துச்சண்டைக் கையுறை வெளியே வந்தால் தாங்களாகவே மூடிக் கொடுத்துவிடுவார்கள்.

கம்பை எப்படிப் பராமரிப்பது?

கடற்காற்றில் மூங்கில் ஒரு மாதம் ஊறும், அடுத்த மாதம் வெடிக்கும். துணியில் எண்ணெய் தொட்டு அவ்வப்போது தேயுங்கள். வெயிலில் சாத்திவைக்காதீர்கள்; ஒரு மூலையில் சாய்த்து வைத்தாலும் வளையும். பரண்மேல் படுக்கவைப்பதே நல்லது. நுனியில் சிம்பு கிளம்பினால் உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் பயன்படுத்தலாம். நீளவாக்கில் விரிசல் கண்டால் அந்தக் கம்பைத் தோட்டத்தில் அவரைப் பந்தலுக்குக் கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள்.